டெலிபோன் கட்டண உயர்வா? கலிஃபோர்னியக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசப் போகிறவர்களுக்கு

டெலிபோன் பில்லோடு சேர்த்து மடித்து அனுப்பப்படும் துண்டுத் தாளை விளம்பரம் என்று நினைத்து வீசிவிடாதீர்கள். மாதக் கட்டணத்தை உயர்த்த அனுமதி கோரிக் கம்பெனி விண்ணப்பித்திருக்கிறது என்ற செய்தி பெரும்பாலும் அப்படித்தான் வீட்டுக்கு வரும். எத்தனை டாலர், எத்தனை சதவீதம், எதற்காக, கருத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதையெல்லாம் அந்த அறிவிப்பில் சொல்லியாக வேண்டும் என்று மாநிலப் பொதுப் பயன்பாட்டுச் சட்டத்தின் 454-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. கட்டணங்களை ஒழுங்குபடுத்தும் கலிஃபோர்னியப் பொதுப் பயன்பாட்டு ஆணையம், உயர்வைப் பற்றிப் பொதுமக்கள் சொல்வதைக் கேட்க நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது, எங்கே என்பது அதிலேயே இருக்கும். இல்லாவிட்டால் அடுத்து ஒரு தாள் வரும்.

செல்போன் காலத்தில் லேண்ட்லைனைப் பற்றி என்ன கவலை என்று சான் ஹோசேயில் இருப்பவர் கேட்கலாம். சியரா மலையடிவாரத்தில் இருப்பவர் கேட்க மாட்டார். மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டு பணியாற்ற வேண்டும் என்ற விசா நிபந்தனையோடு இப்படிப்பட்ட ஊர்களுக்கு வந்து சேரும் டாக்டர் குடும்பங்கள் உண்டு. ஊரின் கடைத்தெருவைத் தாண்டியதும் சிக்னல் போய்விடும். 2019 அக்டோபரில் காட்டுத்தீ பயத்தில் மின்சாரத்தை நிறுத்தியபோது மரின் மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட செல்போன் கோபுரங்கள் வேலை செய்யவில்லை. செம்புக் கம்பி வழியாக வரும் பழைய டெலிபோனோ, எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் பெறுவதால் வீட்டில் கரண்ட் போனாலும் ஒலிக்கும். அந்த இணைப்புக்கு என்ன விலை என்பதில் நமக்கும் ஒரு வார்த்தை பேச உரிமை இருக்கிறது.

உங்கள் கம்பெனிக்கு இது பொருந்துமா?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பில்லின் தலைப்பில் இருக்கும் பெயரைப் பாருங்கள். ஏடி அண்ட் டி, ஃபிரான்டியர் போன்ற பெரிய கம்பெனிகளின் கட்டணக் கட்டுப்பாட்டை ஆணையம் 2006-இல் தளர்த்திவிட்டது. அடிப்படை வீட்டு இணைப்பின் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பும் 2011-இல் விலகியது. அவர்கள் விலையை ஏற்ற விரும்பினால் அறிவிப்புக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். யாரும் கூட்டம் போட்டு நம்மைக் கேட்கப் போவதில்லை. செல்போன் கட்டணத்தையும், கேபிள் கம்பெனி இன்டர்நெட் வழியாகத் தரும் போன் கட்டணத்தையும்கூட ஆணையம் நிர்ணயிப்பதில்லை.

மிச்சம் இருப்பவை கிராமப்புறத்துச் சிறு கம்பெனிகள். ஓக்கர்ஸ்ட், மரிபோசா பக்கம் சியரா டெலிபோன். ஃபிரெஸ்னோவுக்கு மேற்கே கெர்மன். ஆமடார் மாவட்டத்தில் வால்கேனோ. பிளேசர் மாவட்டத்தில் ஃபாரஸ்ட்ஹில். வடக்குக் கோடியில் சிஸ்கியூ. இப்படிப் பத்துக் கம்பெனிகள் மாநில மானிய நிதியிலிருந்து பணம் பெறுகின்றன. அதற்கு ஈடாகக் கணக்கு வழக்கு முழுவதையும் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் கலிஃபோர்னியப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் முன் திறந்து காட்டிய பிறகே கட்டணத்தை மாற்ற முடியும். கருத்துக் கேட்புக் கூட்டம் நடப்பது இவர்கள் விண்ணப்பங்களுக்குத்தான்.

விலை உயர்வு அல்லாத விஷயங்களுக்காகப் பெரிய கம்பெனி வாடிக்கையாளர்களும் கூட்டத்துக்கு அழைக்கப்படுவது உண்டு. கேட்கிறவர் எல்லோருக்கும் இணைப்புத் தந்தாக வேண்டும் என்ற கடமையிலிருந்து தன்னை விடுவிக்கும்படி ஏடி அண்ட் டி 2023 மார்ச்சில் விண்ணப்பித்தது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குளோவிஸ், யுகையா, இண்டியோ ஆகிய ஊர்களில் நேரிலும், பிறகு இணைய வழியிலும் கூட்டங்கள் நடந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் கலந்துகொண்டார்கள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கருத்துகள் எழுத்தில் வந்தன. அந்த ஆண்டு ஜூன் 20 அன்று ஆணையம் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. சட்டக் காரணங்கள் தனியே இருந்தன என்பது உண்மை. ஆனால் மலையில் செல்போன் எடுக்காது என்று வரிசையில் நின்று சொன்னவர்கள் இல்லாமல் அந்த வழக்கு இதே போக்கில் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. "போய்ப் பேசி என்ன ஆகப்போகிறது" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

அறிவிப்பில் 'ஏ.23-03-003' என்பது போல ஓர் எண் இருக்கும். முதல் எழுத்து விண்ணப்பம் என்பதைக் குறிக்கிறது. அடுத்தது ஆண்டு, பிறகு மாதம், கடைசியில் வரிசை எண். மேலே சொன்ன ஏடி அண்ட் டி வழக்கின் எண்தான் இது. ஆணையத்தின் இணையதளத்தில் இந்த எண்ணைத் தட்டினால் வழக்கின் பக்கம் திறக்கும். விண்ணப்பம், எதிர்ப்பு மனுக்கள், வழக்கை நடத்தும் ஆணைய நீதிபதியின் உத்தரவுகள் எல்லாம் அங்கே வரிசையாகக் கிடக்கும். படிக்கக் காசு கிடையாது. விண்ணப்பம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. முதல் சில பக்கங்களும் பழைய கட்டணம், புதிய கட்டணம் என்று இருக்கும் அட்டவணையும் போதும்.

அடுத்து உங்கள் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பாருங்கள். அடிப்படை மாதக் கட்டணம், காலர் ஐடி போன்ற கூடுதல் வசதிகள், தொலைதூர அழைப்பு, 911 கட்டணம், மாநிலப் பொதுத் திட்டங்களுக்கான கூடுதல் வரி, மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதித்திருக்கும் இணைப்புக் கட்டணம் என்று பலவும் கலந்து கிடக்கும். மாநில ஆணையம் இந்த விண்ணப்பத்தில் தொடக்கூடியது அடிப்படைக் கட்டணத்தையும் கம்பெனி தரும் உள்ளூர் வசதிகளின் விலையையும்தான். மத்தியக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி இந்தக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசினால், தாலுகா அலுவலகத்தில் போய் ரயில் டிக்கெட் கேட்டது போல ஆகும்.

கம்பெனியின் கணக்கு எப்படி ஓடுகிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்தால் என்ன பேசுவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

கம்பெனி முதலில் ஒரு மொத்தத் தொகையைச் சொல்கிறது: ஓர் ஆண்டுக்கு எங்களுக்கு இவ்வளவு வருமானம் தேவை என்று. சம்பளம், வண்டி, கேபிள் பராமரிப்பு, அலுவலகச் செலவு, தேய்மானம், வரி ஆகியவற்றோடு, போட்ட முதலீட்டுக்கு ஆணையம் அனுமதிக்கும் சதவீதத்தில் லாபமும் அதில் அடங்கும். அந்தத் தொகை நான்கு வழிகளில் நிரம்பும். நீங்கள் கட்டும் மாதக் கட்டணம் ஒன்று. பிற கம்பெனிகள் இந்த ஊர் லைனைப் பயன்படுத்தத் தரும் பணம் இன்னொன்று. மத்திய அரசின் கிராமப்புற உதவி மூன்றாவது. இவை போதாமல் விழும் துண்டை மாநில மானிய நிதி அடைக்கிறது. அந்த நிதிக்குப் பணம் கலிஃபோர்னியா முழுவதும் டெலிபோன் வைத்திருப்பவர்களின் பில்லில் இருந்து வருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் உங்கள் மச்சினர்கூட ஓக்கர்ஸ்ட் லைனுக்குச் சில காசுகள் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆக, உள்ளூர்க் கட்டணத்தை ஏற்றாவிட்டால் மானியத் தொகை கூடும். நீதிபதிக்கு முன்னால் இருக்கும் கேள்வி இரண்டு: கம்பெனி கேட்கும் மொத்தம் நியாயமா? நியாயமான மொத்தத்தில் உள்ளூர்க்காரர் பங்கு எவ்வளவு, மாநிலத்தின் பங்கு எவ்வளவு? இதர கட்டணங்கள் எல்லாம் சேர்த்துக் கிராமத்து வாடிக்கையாளர் மாதம் 30 முதல் 37 டாலர் வரை கட்டுவது நியாயம் என்று 2014 டிசம்பரில் ஆணையம் ஒரு வரம்பு வகுத்தது. ஆகவே சில வழக்குகளில் கட்டணம் ஏறியதற்குக் கம்பெனியின் பேராசை காரணமில்லை. நகரத்தார் எவ்வளவு நாளைக்கு உங்களுக்காகக் கட்டுவது என்ற கேள்விதான் காரணம். "எங்களால் முடியாது" என்று மட்டும் சொல்பவருக்கு அந்தக் கேள்வி எதிரே நிற்கும். "மொத்தமே ஊதிப் பெருக்கப்பட்டிருக்கிறது" என்று காட்டுபவர், ஊருக்கும் மாநிலத்துக்கும் சேர்த்தே பேசுகிறார்.

மொத்தம் எங்கே ஊதும்? மேலதிகாரிகளின் சம்பளம், புதிய கட்டடம், வாகனங்கள் ஆகியவற்றை நுகர்வோர் தரப்பு வழக்கமாகக் கிளறும். எனக்கு முக்கியமாகப் படுவது இன்டர்நெட். பல சிறு கம்பெனிகளுக்கு அதே குடும்பத்தில் ஓர் இன்டர்நெட் கம்பெனியும் உண்டு. கேபிள் ஒன்று, கம்பம் ஒன்று. ஏறிப் பழுது பார்க்கும் ஆளும் பல இடங்களில் ஒருவரே. செலவை டெலிபோன் கணக்கில் எழுதிவிட்டு லாபத்தை இன்டர்நெட் கணக்கில் வைத்துக்கொண்டால்? இந்தச் சண்டை பல ஆண்டுகள் நடந்தது. இன்டர்நெட் வருமானத்தையும் கணக்கில் எடுத்துத்தான் டெலிபோன் கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் ஆணையம் முடிவு செய்தது. உங்கள் வீட்டுக்கு இரண்டும் ஒரே கம்பியில் வருகிறதா, இரண்டுக்கும் ஒரே பில்லா, பழுது பார்க்க வருபவர் ஒரே ஆளா என்பது உங்களுக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தில் அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

யார் யார் இருப்பார்கள்

வழக்கை நடத்துபவர் நிர்வாகச் சட்ட நீதிபதி. இறுதி வாக்கு ஆளுநர் நியமிக்கும் ஐந்து ஆணையர்களுடையது; ஒவ்வொருவருக்கும் பதவிக்காலம் ஆறு ஆண்டு. வழக்குக்குப் பொறுப்பான ஆணையரும் சில கூட்டங்களுக்கு வருவார்.

பெயரைப் பார்த்து ஒன்றென்று மயங்கக் கூடாத இரு அலுவலகங்கள் உண்டு. பப்ளிக் அட்வகேட்ஸ் அலுவலகம் என்பது நுகர்வோர் சார்பில் வழக்காடும் அரசுப் பிரிவு. கம்பெனி 6 டாலர் கேட்டால் 2 போதும் என்று கணக்குக் காட்டி வாதாடுவது அவர்கள் வேலை. பப்ளிக் அட்வைசர் அலுவலகம் யார் பக்கமும் சேராது. உங்களைப் போன்றவர்களுக்கு எப்போது, எப்படிப் பேசுவது என்று வழிகாட்டும். கூட்ட வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள்தான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானாலும் இவர்களிடமே முன்கூட்டிக் கேட்க வேண்டும். எத்தனை நாள் முன்பு என்பதை அறிவிப்பில் பாருங்கள். ஸ்பானிஷ் சாதாரணமாகக் கிடைக்கும். தமிழ் வேண்டும் என்றால் சீக்கிரமே சொல்லிவிடுங்கள். ஊரிலிருந்து வந்து பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் அம்மா, லேண்ட்லைனையே நம்பி இருப்பவர் என்றால், அவரே தமிழில் பேசுவது நீங்கள் அவருக்காகப் பேசுவதைவிட எடுபடும்.

பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. விசா என்ன என்று யாரும் கேட்பதில்லை. இணைப்பு உங்கள் கணவர் பெயரில் இருந்தாலும் நீங்கள் பேசலாம். ஆனால் சொல்வது முழுவதையும் ஒரு சுருக்கெழுத்தர் பதிவு செய்வார். அது பொது ஆவணமாகிவிடும். ஆகவே கணக்கு எண், வீட்டு முகவரி, போன் நம்பர் எதையும் மைக்கில் சொல்லாதீர்கள்.

என்ன பேசுவது

பேசுவோர் எண்ணிக்கையைப் பார்த்து நீதிபதி நேரம் ஒதுக்குவார். ஒன்று முதல் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதி, உரக்கப் படித்து, கடிகாரம் பார்த்துக்கொண்டு போவது நல்லது. விலைவாசி, பொருளாதாரம், கம்பெனிகளின் குணம் பற்றியெல்லாம் பொதுவாகப் பேசுபவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருப்பார்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்லுங்கள். மாதிரிக்கு ஒன்றைக் கற்பனையாகத் தருகிறேன்:

"வணக்கம், மதிப்பிற்குரிய நீதிபதி அவர்களே. கடைத்தெருவிலிருந்து ஆறு மைல் மேலே குடியிருக்கிறோம். வீட்டில் எந்த செல்போனும் எடுக்காது. ஜனவரி மழையில் லைன் செத்துப்போனது. மறுநாளே புகார் கொடுத்தேன்; ஒன்பதாம் நாள்தான் ஆள் வந்தார். அதுவரை 911-ஐக் கூப்பிட வழியில்லை. இதய நோயாளியான என் மாமியார் வீட்டில் இருந்தார். கேபிள் பழையது, மழை வந்தால் மறுபடி போகும் என்று வந்தவரே சொன்னார். இப்போது மாதம் ஆறு டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் எங்கள் சாலையின் கேபிள் மாற்றப்படுமா என்பதைக் கம்பெனியிடம் கேட்டு, மாற்றுவதாக இருந்தால் அதற்கு ஒரு தேதியையும் உத்தரவில் எழுத வேண்டும். கேபிள் மாறும் என்றால் மூன்று டாலர் தர எங்களுக்கு மனம் உண்டு."

இடம், தேதி, எத்தனை நாள், என்ன ஆபத்து, என்ன வேண்டும் என்று இதில் எல்லாம் இருக்கிறது. கடைசி வரியைக் கவனியுங்கள். ஒரு காசுகூடத் தர மாட்டேன் என்பவரைவிட, எதற்கு எவ்வளவு தருவேன் என்பவரின் பேச்சு உத்தரவு எழுதும்போது நீதிபதிக்குப் பயன்படும். பழுதுநீக்கத்துக்குக் கால அளவு வகுக்கும் 133-ஆம் எண் பொது உத்தரவு ஒன்று ஆணையத்திடம் இருக்கிறது. அதை நீங்கள் மேற்கோள் காட்ட வேண்டியதில்லை. புகார் கொடுத்த நாளையும் லைன் சரியான நாளையும் சொன்னாலே போதும், மற்றவர்கள் பொருத்திப் பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, உயர்வு நியாயம்தான் என்று தோன்றினால் அதையும் போய்ச் சொல்லலாம். எதிர்ப்பதற்கென்று மட்டும் நடத்தும் கூட்டம் அல்ல இது.

அன்றைய தினம்

அரை மணி முன்னதாகப் போய் வாசல் மேசையில் பேச விரும்புவதாகப் பெயர் கொடுங்கள். பெரும்பாலும் கொடுத்த வரிசையில்தான் கூப்பிடுவார்கள். நீதிபதி நடைமுறையை விளக்குவார். கம்பெனி தன் கோரிக்கையைச் சுருக்கமாகச் சொல்லும். நுகர்வோர் தரப்பும் பேசும். அதன் பிறகு பொதுமக்கள்.

உங்கள் முறை வந்ததும் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். முருகானந்தம், ஞானப்பிரகாசம் போன்ற பெயர்களைச் சுருக்கெழுத்தர் கேட்டு எழுதினால் பதிவில் வேறு யாரோ பேசியதாகிவிடும். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற குழப்பத்தையும் அங்கே போய்த் தீர்க்காமல் வீட்டிலேயே தீர்த்துக்கொண்டு போங்கள்.

நீதிபதி உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல மாட்டார். தலையாட்டவும் மாட்டார். அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தரப்பின் பக்கம் சாய்வதாகத் தோன்றக் கூடாது என்பது அவர் பதவிக்கு உள்ள கட்டுப்பாடு. முன்னால் பேசியவர் உங்கள் கருத்தையே சொல்லிவிட்டால், அவர் சொன்னதை ஆமோதிப்பதாக ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உங்கள் வீட்டு விவரத்துக்குப் போய்விடுங்கள். பில்லில் தப்பு, கட்டிய பணம் வரவாகவில்லை போன்ற தனிப்பட்ட சிக்கல்களுக்குப் பல கூட்டங்களில் கம்பெனி ஆட்களும் ஆணையத்தின் நுகர்வோர் பிரிவினரும் ஓரமாக இருப்பார்கள். அதை அவர்களிடம் கொண்டுபோங்கள், மைக்குக்குக் கொண்டுவராதீர்கள்.

தொலைபேசி வழியாகவும் கலந்துகொள்ள வசதி இருக்கலாம். இலவச எண்ணும் கடவு எண்ணும் அறிவிப்பில் இருக்கும். பேச விரும்பினால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று குரல் சொல்லும். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். பின்னணியில் குக்கர் விசில் அடிக்காத அறையாகப் பார்த்து உட்காருங்கள்.

வர முடியாதவர்கள்

வழக்கின் பக்கத்திலேயே பொதுமக்கள் கருத்துக்கென்று ஒரு பகுதி இருக்கிறது; அதில் எழுதலாம். தபாலிலும் அனுப்பலாம். எழுதியது இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படும். இப்படி வரும் கருத்துகள் சட்டப்படி சாட்சியம் ஆகா. ஆனால் பொருத்தமானவற்றை இறுதி உத்தரவில் சுருக்கித் தந்தாக வேண்டும் என்று ஆணையத்தின் 1.18-ஆம் விதி சொல்கிறது. ஒரே வாசகத்தை அச்சடித்து ஐம்பது பேர் கையெழுத்திட்டு அனுப்பினால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஐம்பது பேர் தத்தம் வீட்டுக் கதையை எழுதினால் அப்படிச் சுருக்க முடியாது.

இன்னும் ஆழமாக இறங்க விரும்புகிறவர்கள் வழக்கில் தரப்பினராகவே சேரலாம். ஆணையத்தின் தினசரி அட்டவணையில் விண்ணப்பம் இடம்பெற்றதிலிருந்து 30 நாளுக்குள் எதிர்ப்பு மனு தர வேண்டும். ஆவணம் கேட்கலாம், குறுக்கு விசாரணை செய்யலாம். முடிவுக்குக் கணிசமாக உதவியவருக்குச் செலவை ஈடுசெய்யும் திட்டமும் உண்டு. 1973-இல் சில்வியா சீகல் தொடங்கிய டர்ன் போன்ற நுகர்வோர் அமைப்புகள் இந்தத் திட்டத்தைப் பயன்படுத்துகின்றன. புதிதாக வந்தவர் இதில் முதலிலேயே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டத்தில் ஒருமுறை பேசிப் பாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

கூட்டம் முடிந்த பிறகு

மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அந்த நேரத்தில் இரு தரப்பு நிபுணர்களின் சாட்சியமும் எழுத்து வாதங்களும் ஓடிக்கொண்டிருக்கும். விண்ணப்பித்ததிலிருந்து முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆவது சாதாரணம். வழக்கின் பக்கத்தில் மின்னஞ்சலைப் பதிந்து வைத்தால் புதிய ஆவணம் ஒவ்வொன்றுக்கும் தகவல் வரும்.

நீதிபதி எழுதும் வரைவு உத்தரவு முதலில் வெளியாகும். அது வெளிவந்து குறைந்தது 30 நாள் கழித்தே ஆணையர்கள் வாக்களிப்பார்கள். அந்த இடைவெளியில் மீண்டும் கருத்து எழுதலாம். வாக்கெடுப்புக் கூட்டத்தின் தொடக்கத்திலும் பொதுமக்கள் பேச நேரம் உண்டு. வரைவில் உங்கள் ஊர்க் கூட்டத்தைப் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். கேபிள் பற்றிச் சொன்னது விடுபட்டிருந்தால் எழுத வேண்டிய நேரம் அதுதான்.

உத்தரவு வந்ததும் அதன் கடைசிப் பக்கங்களுக்கு நேரே போய்விடுங்கள். புதிய கட்டணமும் அமலாகும் தேதியும் அங்கேதான் எண்ணிட்ட வரிகளாக இருக்கும். அடுத்து வரும் பில்லில் அடிப்படைக் கட்டண வரியை அதோடு ஒத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் முதலில் கம்பெனிக்குப் போன் செய்து, பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்; தீராவிட்டால் ஆணையத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுக்கலாம். வருமானம் குறைவாக உள்ள வீடுகளுக்கு லைஃப்லைன் என்ற சலுகைத் திட்டம் உண்டு. தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.